மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டிய லாப்டொப்

ஜெயரூபி ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் அவளை யாராலும் அசைக்க முடியாது. ஆறு வருடமாக உருத்திரபுரத்திலிருந்து அவளோடு ஒரே பஸ்ஸில் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறவள் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன். நான் தைக்கிறவள். அவள் எங்களுக்கு நேரம் பார்க்கிறவள். ஒரு கொலரைப் பொருத்த எத்தனை செக்கன் போகிறது என்று கடிகாரமும் அட்டையுமாக வந்து பக்கத்தில் நிற்பாள். முதல் மாதம் அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் நேரம் பார்க்கும் முறை வேறு. புதிதாக வந்த பிள்ளைகள் முதல் மணித்தியாலத்தில் பறப்பார்கள். அதை அவள் குறித்துக்கொள்வாளே தவிர நம்பமாட்டாள்.

“மூண்டாவது மணித்தியாலத்தில பாப்பம் அக்கா. அப்ப தையல் கோணாமல் வருதோ எண்டுதான் எனக்குத் தெரியோணும்” என்பாள்.

அவள் உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் 2009. மிச்சத்தை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, அவள் வேலைக்குப் போனாள், படிப்பு அங்கேயே நின்றுவிட்டது. முப்பத்தைந்து வயதில்தான் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவள முகாமைத்துவ டிப்ளோமாவுக்குப் பதிந்தாள். பாஸ் பண்ணினால் தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுமட்டும் காரணமில்லை. “ஒருக்கால் சோதினை மண்டபத்துக்குள்ள போய் இருந்து எழுதோணும் அக்கா” என்று பஸ்ஸில் ஒருநாள் சொன்னாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு சனிக்கிழமைகளில், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, ஒன்லைனில். இருபது வகுப்பில் நான்குக்கு மேல் தவறினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பாதியில் வெளியே போனாலும் வராத கணக்குத்தான். பதின்மூன்று வகுப்பு முடிந்த நேரத்தில் அவள் நான்கைத் தவறவிட்டிருந்தாள். நான்குமே அந்த லாப்டொப்பின் திருவிளையாடல். அண்ணன் கிருசாந்தன் பிரான்சில் பாவித்துக் களைத்து அனுப்பிய சாமான் அது. திறந்து வேலைக்கு வரவே இருபது நிமிடம். வகுப்புக்குள் போனாலும் சில நாள் பதினொரு மணியளவில் படம் உறைந்து, ஆளை வெளியே தள்ளிவிடும். போனில் படிக்கலாம்தான். ஆனால் அட்டவணை போட்டுக் காட்டும் பயிற்சிகளை அந்தச் சின்னத் திரையில் செய்ய முடியாது. போதாததற்கு இன்டர்நெட்டே அந்தப் போனிலிருந்துதான் வருகிறது.

டவுனில் கணினி திருத்தும் நிருஷனிடம் கொண்டுபோனோம். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நாலு ஜீபீ மெமரிதான். இதுக்கு விண்டோஸ் பாரம். வித்துப்போட்டு வேற ஒண்டு பாருங்கோ தங்கச்சி.”

“வேற வாங்க வழியில்லை அண்ணை. இதிலயே வேற ஏதும் போடேலாதோ?”

“லினக்ஸ் போடலாம். விண்டோஸுக்குப் பதிலா வேலை செய்யும், காசும் இல்லை. ஆனா பழகோணும்.”

“தையல் மெஷினையும் பழகித்தானே வந்தனாங்கள். எது போடலாம்?”

அந்தக் கேள்விக்குத்தான் நிருஷன் தலையைச் சொறிந்தார். லினக்ஸ் என்பது ஒன்றல்லவாம், நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். அவற்றில் பழசுக்குப் பொருந்தும் என்று நினைத்த மூன்றை ஒரே பென் டிரைவில் ஏற்றித் தந்தார். பென்னைச் செருகித் திறந்தால், உள்ளே இருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் லாப்டொப்பிலேயே பதியலாம்.

அன்று பின்னேரம் நான் அவள் வீட்டில் இருந்தபோது கிருசாந்தன் பிரான்சிலிருந்து கோல் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் ஏறிவிட்டது.

“பிள்ளை, உனக்கென்ன விசரே? விண்டோஸை அழிச்சா அது பிறகு லாப்டொப்பே இல்லை!”

“அண்ணா, கோவிக்காதேங்கோ. உங்கட படமெல்லாம் வேற பென்னில எடுத்து வைச்சிட்டன். இப்ப இருக்கிறபடி விட்டா நான் சோதினை எழுதமாட்டன். நீங்கள் அனுப்பினது நான் படிக்கத்தானே?”

“சரி, பாத்துச் செய்” என்று மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அடுத்த சனிக்கு முன் முடிவெடுத்தாக வேண்டும். அவள் தொழிற்சாலை அட்டையைப் போலவே ஒரு தாளில் கோடு போட்டாள். திறக்க எடுக்கும் நேரம், சத்தம் கேட்கிறதா, கமரா வேலை செய்கிறதா, தமிழ் எழுத்துத் தெரிகிறதா, கடைசிக் கட்டத்தில் மூன்றாவது மணித்தியாலம். அந்தக் கட்டத்தை நிரப்ப வீடியோவில் எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான்தான்.

ஞாயிறு காலை அவள் வீட்டில் முதலாவது. பெயரை விட்டுவிடுவோம், மிகச் சிறியது. கண்மூடித் திறக்கமுதல் வந்துவிட்டது. நான் கைதட்டாத குறை. ஆனால் மைக்கை இயக்கக் கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டச் சொன்னது. ஒரு மணித்தியாலம் போராடியும் அவள் குரல் என் போனில் கேட்கவில்லை. “கெட்டிக்காரன்தான். ஆனா என்னைப்போல புது ஆளுக்குச் சரிவராது” என்று தாளில் அதைக் கோடு போட்டு அடித்தாள்.

பின்னேரம் உபுண்டு. பார்க்க வடிவு, எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. சத்தமும் படமும் வந்தன. நான் “இதுதான், இதுதான்” என்று குதித்தேன். அவள் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாவது மணித்தியாலத்தில் அட்டவணையையும் வீடியோவையும் சேர்த்துத் திறந்தபோது மவுஸின் அம்புக்குறி இழுபட்டது. நல்ல சாமான்தான், இந்தப் பழசுக்குப் பாரம்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி லீவு. மூன்றாவது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எப்சிஈ என்ற பாரம் குறைந்த வகை. திறக்க முதலாவதைவிட இரண்டு மடங்கு நேரம். நான் என் குசினியில் போனை நிறுத்திவைத்துவிட்டுக் கறி சமைத்தேன், கத்தரிக்காய் வெட்டினேன், டேட்டா கரைகிறதென்று புறுபுறுத்தேன். அவள் அந்தப் பக்கத்தில் அட்டவணையில் இலக்கங்களை நிரப்பிக்கொண்டே என் சமையலுக்குப் பிழை பிடித்தாள். மூன்று மணித்தியாலமும் அவள் முகம் ஒருதரம்கூட உறையவில்லை.

“முடிஞ்சுது அக்கா. இதுதான்.”

வெள்ளி பின்னேரம் பதியத் தொடங்கினாள். கீபோர்டைச் சோதிக்க ஏதாவது எழுதச் சொன்னது, தன் பெயரை எழுதினாள். வந்ததைப் பார்த்து இரண்டுபேரும் முழித்தோம். ஏ-யை அழுத்தினால் க்யூ வந்தது. பிரான்சிலிருந்து வந்த கீபோர்ட், எழுத்துகள் அந்த நாட்டு வரிசையில் இருக்கின்றன. இவளோ ஆங்கில வரிசையைத் தெரிவு செய்திருக்கிறாள். அதை மாற்றிப் பிரெஞ்சு வரிசையைக் கொடுத்ததும் சரிவந்தது. அடுத்து, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. சரிவராவிட்டால் நாளைக்கு அந்தப் பழைய விண்டோஸும் இல்லை. அவள் அழுத்தினாள்.

சனி காலை நான் அவள் வீட்டில், கமராவுக்குத் தெரியாத மூலையில் கதிரை போட்டு இருந்தேன். ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் போனாள். பத்து ஆனது. பத்தரைக்கு அட்டவணைப் பயிற்சி. லாப்டொப்பின் விசிறி இரைந்தது, படம் ஓடியது. பதினொன்று ஐந்துக்கு விரிவுரையாளரின் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன். ஜெயரூபி அசையாமல் மற்ற முகங்களைப் பார்த்தாள். அவை எல்லாம் அசைந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் அவர் திரும்பி வந்தார்.

“மன்னிக்கோணும். என்ர கொம்பியூட்டர் நிண்டிட்டுது.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வரவு எடுத்தார்.

“ஜெயரூபி… நீங்கள் பாதியில போற ஆள். இருக்கிறீங்களோ?”

“ஓம் சேர், இருக்கிறன். ஒரு கேள்வியும் இருக்கு. மூண்டாம் வகுப்பில இருந்து வைச்சிருக்கிறன், கேக்க நினைக்கிற நாளில எல்லாம் வெளிய போயிடுவன்.”

“கேளுங்கோ.”

“படிக்கிற வயசில படிக்க ஏலாமப் போன ஆள் ஒண்டு வேலைக்கு வந்தா, பேப்பரில ஒண்டும் இராது. எங்கட பக்கத்தில அப்பிடி நிறையப் பேர். நேர்முகத்தில அவையை எப்பிடி மதிக்கிறது சேர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ர புத்தகத்தில இதுக்குப் பதில் இல்லை. அடுத்த கிழமை முதல் அரை மணித்தியாலம் நீங்கள் கதையுங்கோ. நாங்கள் கேக்கிறம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. வகுப்பு முடிந்து எல்லா முகங்களும் போன பிறகும் லாப்டொப்பை மூடாமல், புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்த அரை மணித்தியாலத்துக்கு என்ன பேசுவது என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.