ஓரங்கள் மறைந்துகொண்டிருந்தபோது

பியோ கங்-உ முதன்முதலில் விழுந்தது மேடையில் அல்ல, ராணுவப் பயிற்சியில். வெளிநாட்டு பாலே போட்டியில் தங்கம் வாங்கியிருந்ததால் எல்லா ஆண்களையும்போல ஒன்றரை வருடக் கட்டாய ராணுவச் சேவை அல்ல, நான்கு வாரப் பயிற்சிதான் அவனுக்கு. அதில் ஒருநாள் இருட்டில் நடக்கும்போது, முன்னால் போனவனின் முதுகைத் தவறவிட்டு வாய்க்காலில் விழுந்தான்.

"பாலேக்காரன் தண்ணியிலயும் சுத்துறான் பாருடா!" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்களாம். சியோலுக்குத் திரும்பி வந்து அதை எங்கள் பாலே குழுவுக்கு நடித்துக் காட்டினான். நாங்களும் சிரித்தோம்.

குன்சானில் நகரப் பேருந்து ஓட்டியவரின் மகன் அவன். இருபத்தேழு வயதில் எங்கள் குழுவின் முதன்மை நடனக் கலைஞன் ஆனான். எனக்கும் அதே வயது. என்னை அவனுக்கு ஜோடியாகப் போட்டார்கள். பாய்ந்தால் எங்கே விழுவேன் என்று நான் யோசித்ததே இல்லை. அங்கே அவன் கை இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கை தாமதிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்று நான் நீட்டும் தண்ணீர் பாட்டில் அவனுக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது முழங்கை பட்டு அடுத்தவரின் சூப் கவிழும். "பகல்லயே சோஜு அடிச்சிட்டியா?" என்று கிண்டல் செய்தார்கள். மற்றவர்கள் வருவதற்குள் ஒத்திகைக் கூடத்துக்கு வந்து, சுவரிலிருந்து சுவருக்கு அடிகளை எண்ணிக்கொண்டு நடப்பான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. கதவருகில்தான் நிற்பேன்.

சூசொக் பண்டிகைக்கு ஊருக்குப் போய்வந்தவன் என்னை மாடிப்படியில் நிறுத்தினான்.

"அப்பா நாப்பத்து மூணு வயசுல பஸ் ஓட்டுறதை விட்டாருல்ல, முதுகுவலின்னு? அது முதுகு இல்லடி."

"அப்புறம்?"

"கண்ணு. பக்கவாட்டுலேர்ந்து மூடிக்கிட்டே வருமாம். எனக்கும் அதேதான். டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன். இப்ப ஒரு குழாய்க்குள்ளேர்ந்து பாக்குறேன். நடுவுல நீ பளிச்சுன்னு தெரியுற."

"டைரக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லுடா."

"அடுத்து குன்சான்ல நம்ம நிகழ்ச்சி இருக்குல்ல, அதுல ஆடிட்டுச் சொல்றேன். அப்பா என்னைப் பெரிய வேஷத்துல பார்த்ததே இல்ல. அவருக்கும் பார்வை இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு."

"பக்கத்துலேர்ந்து நான் பாயறப்ப?"

"ஓடி வரும்போது மூச்சைச் சத்தமா விடு. திரும்பிடுவேன்."

ஒப்புக்கொண்டேன். ஏன் என்று இன்றும் எனக்கே விளங்கவில்லை.

குன்சான் அரங்கம் எங்களுக்குப் புதிது. மதியம் அவன் மேடையை மூன்று முறை அளந்தான். மூன்று முறையும் வேறுவேறு எண்ணிக்கை வந்தது. என்னிடம் "சரியா இருக்கு" என்றான்.

அன்று மாலை அவன் ஆடியதுபோல் நான் பார்த்ததில்லை. என் பாய்ச்சல் வந்தது. ஓடினேன், மூச்சை விட்டேன். இசைக்குழு எனக்கே என் மூச்சு கேட்காதபடி முழங்கியது. நான் தரையை விட்டு எழும்பியபோது அவன் முகம் வேறு திசையில் இருந்தது. கடைசிக் கணத்தில் திரும்பினான். விலா நொறுங்குவதுபோல் பிடித்தான்.

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

திரை மறுபடி உயர்ந்து, வணங்குவதற்காகக் கைகோர்த்து முன்னே நடந்தோம். விளக்குகள் நேராக முகத்தில். நான் நின்றுவிட்டேன், அவன் நிற்கவில்லை. கை சட்டென்று இழுத்தது. இறுக்கிப் பிடித்தேன். வியர்வையில் அவன் விரல்கள் வழுக்கிப் போக, மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்கார்ந்திருந்த பள்ளத்தில் நாற்காலிகள் உடையும் சத்தம் கேட்டது.

அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் நின்றுபோனது. மூன்றாவது வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் சிரித்த முகத்தோடு தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த பெண் அவர் கைகளைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னம்மா? பையன் உள்ள போயிட்டானா?" என்று கேட்டார் கங்-உவின் அப்பா.

அவனுக்கு இடுப்பெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. அதன்பின் அவன் ஆடவில்லை. டைரக்டரிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், சொல்லத் தேவையில்லாமல் போன பிறகு. கங்-உ என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்போது பார்வையற்றோருக்கான மசாஜ் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் போயிருந்தேன். மசாஜ் மேசையின் விளிம்பைத் தடவியபடி சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"நடுவுல இருக்குறதும் சின்னதாகுதுடி," என்றான். "கொஞ்சம் கிட்ட வா."

போய் நின்றேன். வெகுநேரம் பார்த்தான்.