அடித்த சொல்லின் கீழே

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் புரூஃப் பார்க்கிறவன். அடுத்தவர் கற்பனையில் ஒற்றுப்பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. சொந்தமாக ஒரு வரி கற்பனை செய்ய எனக்கு வராது. இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். இப்போது நினைத்தாலும் பயத்துக்கு முன்னால் குமட்டல்தான் வருகிறது.

என் அக்கா புருஷன் மாதம் ஒரு கொலை நாவல் எழுதுகிறவர். அந்த மாதம் எழுதியது, மலைமேல் தனியாக நிற்கும் ஒரு ரிசார்ட்டில் நடக்கும் கொலை. நேரில் பார்த்து எழுதினால்தான் சரியாக வரும் என்று, மழைக்காலத்தில் ஈ காக்கை வராத ஒரு ரிசார்ட்டுக்குப் போய் ஏழாம் அறையில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் எழுதட்டும் என்று பதிப்பக முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமை காலை நானே கிளம்பிப் போனேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அத்தியாயங்கள் எழுதும்போது அத்தான் யாரோடும் பேச மாட்டார். பேசினால் கதை கலைந்துவிடுமாம். எழுதிய பக்கங்களைக் கதவின் அடியில் தள்ளுவார். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்தி, வந்த வழியே திருப்பித் தள்ளுவேன். திருத்தம் பிடிக்கவில்லை என்றால், நான் அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார். ‘அடித்தது செல்லாது, அப்படியே விடு’ என்று அர்த்தம். பதினோரு நாவல்களை இப்படித்தான் முடித்தோம்.

எனக்கென்று ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவேன். அக்கா ஆயிரம் தடவை திட்டியிருக்கிறாள்.

காலை 11.20க்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு காவலாளி. எட்டாம் அறையைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரே நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“எலி செத்துக் கிடக்குது சார். கூரைக்குள்ள. மழை விட்டாத்தான் எடுக்க முடியும்.”

“அத்தான் சாப்பிட்டாரா?”

“வாசல்ல வெச்ச தட்டு அப்படியே இருக்கு. பிஸ்கட் நிறைய கொண்டு வந்தாரு, அதையே தின்னுட்டு எழுதுறாரு போல. கூப்பிடுற வரைக்கும் தட்டாதேன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு.”

அத்தானின் குணம் எனக்குத் தெரியும். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு. அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. “அத்தான், வந்துட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மணி 12.05. சர்ர்ர்... கதவின் அடியில் ஒரு கட்டுப் பக்கம் வந்தது.

அவர் கையெழுத்தேதான். ஓரமெல்லாம் ஈரம். விரலை நக்கிப் புரட்டினேன். நாக்கில் உப்புக் கரித்தது. மழைக்கு நமுத்த காகிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதையில் ஒருவனைத் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிடுகிறார்கள். தொந்தரவு செய்யாதே என்று அவனே சொல்லி வைத்திருந்ததால் மூன்று நாள் யாரும் கதவைத் திறப்பதில்லை. ஓரத்தில் குறித்தேன்: ‘மூன்று நாள் பிணம். நாற்றமே இல்லையா?’ திருப்பித் தள்ளினேன்.

1.15க்கு அக்கா போன் செய்தாள்.

“அவரு குரல் கேட்டு மூணு நாளாச்சுடா. ஒரு தடவை கதவைத் தட்டிப் பாரேன்.”

“தட்டினா கத்துவாருக்கா. பக்கம் வந்துட்டேதான் இருக்கு. நல்லாத்தான் இருக்காரு.”

இன்று நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

1.40. சர்ர்ர்... அடுத்த கட்டு. இதில் நாற்றம் இருந்தது. ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. வீங்கிய நாக்கு, வெடித்த தோல், ஒழுகும் வயிறு. பிணத்துக்கு ஒரு வரிக்கு மேல் செலவழிக்காத மனிதர் அத்தான். படிக்கவே அருவருப்பாக இருந்தது.

பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மறுபடி மறுபடி விரலை நக்கினேன். இப்போது உப்பு இல்லை... இனித்தது. அறையில் இருந்த நாற்றமும் அதே இனிப்பு.

கதவின் அடியிலிருந்து ஓர் ஈ வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

2.50. கடைசிப் பக்கம். கடைசி வரி: ‘செத்தவன் கதவைத் தட்டினான்.’

‘தட்டினான்’ என்பதை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: ‘செத்தவன் எப்படித் தட்டுவான்? திருத்தவும்.’ தள்ளினேன்.

3.10. சர்... நின்றது. மறுபடி... சர்... பாதித் தாள்தான் இந்தப் பக்கம் வந்தது. மீதியை நான்தான் இழுத்தேன்.

‘தட்டினான்’ கீழே நாலு புள்ளிகள். பழுப்பு நிறம். இன்னும் காயவில்லை.

அப்படியே விடு.

டொக்.

டொக்... டொக்.

கதவின் அடிப்பக்கத்தில். என் கணுக்கால் உயரத்தில்.

“அத்தான்?”

டொக்.

ஓடினேன்.

3.40க்குக் காவலாளி கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தார். அத்தான் கதவோரம் குப்புறக் கிடந்தார். அத்தான் என்று சொல்லும்படி முகம் இல்லை. நான் சிவப்பில் திருத்திய பக்கங்கள் அந்த முகத்தின் கீழே ஒட்டிக் கிடந்தன. வாசல்படியிலேயே வாந்தி எடுத்தேன்.

மாரடைப்பு என்றார் டாக்டர். உயிர் போய் மூன்று நாளுக்கு மேல் ஆகிறதாம். எல்லாம் முன்பே எழுதி வைத்த பக்கங்கள், மின்விசிறிக் காற்றில் இந்தப் பக்கம் வந்திருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். இருக்கட்டும். மின்விசிறிக்குப் புரூஃப் குறி தெரியுமா?

நாவல் வெளிவரவில்லை. அக்கா இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் போன் செய்தார். எல்லாப் பக்கங்களையும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்களாம். 

“அந்தப் புள்ளி மை இல்லைங்க. பிணத்துல இருந்து கசியுமே, அந்தத் தண்ணி. மத்த பக்கங்களோட ஓரத்துல இருந்த ஈரமும் அதுதான்.”

மொத்தம் முப்பத்து நாலு பக்கங்கள்.

ஒவ்வொன்றையும் நான் விரலை நக்கித்தான் புரட்டினேன்.