மூன்றாம் முறையாக இடியப்பத்தை நிறுத்தினேன்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு மாலைதோறும் இடியப்பம் கொண்டுவரும் மலரக்காவிடம் இன்று சொல்லியேவிட்டேன்.

"அக்கா, நாளையில இருந்து வேண்டாம். இரத்தத்தில சீனி கூடிட்டுதாம். டொக்டர் மாச்சாப்பாட்டை நிப்பாட்டச் சொல்லிட்டார்."

அவர் சிரித்தார். "போன வருசமும் இதைத்தானே சொன்னனீங்கள் தம்பி. அதுக்கு முதலும் சொன்னனீங்கள். ஒரு கிழமை தாங்கேல்லை."

உண்மைதான். முதல் முறை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் முடிந்தது. இரண்டாம் முறை, பக்கத்து வீட்டுக்கு அவர் இடியப்பத்தோடு கொண்டுபோன தேங்காய்ப்பால் சொதியின் வாசத்தில்.

"இந்த முறை அப்பிடியில்லை அக்கா. கால் விரலெல்லாம் விறைக்குது. இப்பிடியே போனா நெருப்புச் சுட்டாலும் தெரியாதாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கூடையைக் கீழே வைத்தார்.

"மூண்டாம் மாடி ரீச்சரும் நிப்பாட்டிட்டா. முன்வீட்டு ஐயாவும் நிப்பாட்டிட்டார். எல்லாருக்கும் சீனி வருத்தம். முந்தி நீங்கள் நிப்பாட்டேக்க நான் கவலைப்படேல்லை. திரும்பி வருவியள் எண்டு தெரியும்."

என் தோல்வியை நம்பி ஒரு வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. இது எனக்கு இன்றுதான் தெரியும்.

படியிறங்கப் போனவர் திரும்பினார். "அப்ப இனி என்னத்தைச் சாப்பிடுவியள் எண்டு சொல்லுங்கோ தம்பி. நான் அதை அவிக்கிறன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

மாவில்லாமல் அவித்து, எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக விற்கக்கூடிய ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். தயவுசெய்து முட்டை என்று எழுதாதீர்கள். அதை அவிக்க எனக்கே தெரியும்.