துணைக்குப் பெற்ற பிள்ளை

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களில் ஜனங்கள் ஏறி இறங்குவது அவன் கைவேலையால்தான். குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. நடக்க முடியாத அண்ணனை டாக்டரிடம் கொண்டுபோக, முடிவெட்டக் கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் இவன் முதுகுதான். "ஊருக்கு மோட்டாரு, வீட்டுக்கு முதுகு" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். பேசமாட்டார்களா பின்னே? சுமக்கிறவனுக்கல்லவா தெரியும்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. ஆறு வருஷம் கழித்து இவன் பிறந்தான். ஏன் பிறந்தான் என்பதில் அந்த வீட்டில் ஒளிவுமறைவே கிடையாது. "என் காலத்துக்கு அப்புறம் பெரியவனைப் பார்த்துக்க ஆள் வேணும்ல? அதுக்குத்தான் சின்னவனைப் பெத்தேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா சொல்வாள். இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஸ்கூட்டருக்கு ஸ்டெப்னி வாங்கிய கணக்காகச் சொல்வாள். நாற்பத்தொரு வருஷமாகக் கேட்டு அவன் காது புளித்துப்போயிற்று.

அண்ணனாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வானா? "மெதுவா இறங்குடா, எலும்பு குத்துது" என்பான். மெக்கானிக்கைப் பார்க்க வந்த இரண்டு பெண்களும் "கட்டினா ரெண்டு பேரையும்ல கட்டிக்கணும்" என்று கழன்றுகொண்டார்கள். வெளியூர் வேலை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அம்மா அழுதே தடுத்துவிட்டாள்.

மூன்றாம் முறையும் வந்தது. வெளியூர்க் கிளையில் சூப்பர்வைசர். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் கடிதத்தை வைத்தான்.

"அண்ணனுக்கு ஒரு ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன். நான் போறேன்மா."

அம்மா கரண்டியைத் தொப்பென்று போட்டாள். "போறியா? உன்னை எதுக்குடா பெத்தேன்?"

"மனப்பாடமா தெரியும். நீ என்னைப் பெத்துக்கலை, வேலைக்கு ஆள் எடுத்த."

"நன்றி கெட்டவனே! பெத்த வயிறு பத்தி எரியுதுடா!"

அதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டைத் தள்ளினான். "அம்மா, இவனை எனக்காகப் பெத்த, சரி. என்னை யாருக்காகப் பெத்த?"

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. யோசிக்காமல் கொட்டிவிட்டாள். "உன்னையா? உன்னை யாரு கேட்டா? நீயா வந்த!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். அண்ணன் அழவில்லை, சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"அப்பாடா! இந்த வீட்டுல நான் ஒருத்தனாவது சும்மா பொறந்திருக்கேன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அண்ணன்மேல் அவனுக்கு எரிச்சல் உண்டு, சலிப்பு உண்டு. பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.

"என்னடா முழிக்கிற? கையெழுத்தைப் போடு" என்று அண்ணன் கடிதத்தை அவன் பக்கம் தள்ளினான். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "எனக்கு ஆள் வேணும்னா நீ இன்னொண்ணு பெத்துக் குடு."

அறுபத்தெட்டு வயது அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். அந்தக் கை இறங்குவதற்குள் சின்னவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.