மச்சானின் சனிக்கிழமைகள்

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். லாரி வயரின் முனையில் மாட்டுகிற சாக்கெட் அது. தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. உள்ளே இருக்கும் கம்பிகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் காய்ந்து அப்பியிருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றிக்கொள்வேன். வீட்டில் வைக்க முடியாது. அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். அதை எனக்குக் கொடுத்தவர் அவள் கணவர், என் மச்சான்.

நார்த்தாமலைப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் எடைமேடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லாரி வந்து நிற்கும், எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடிக்கும். மச்சான் அங்கே அடுத்தவர் லாரிகளைத்தான் காலமெல்லாம் ஓட்டினார். தலை நரைத்த பிறகு சொந்தமாகப் புது லாரி எடுத்தார். குடுமியான்மலைக் கோயில் வாசலில் பூஜை போட்டோம். எல்லோரும் முகப்புக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தார்கள். அக்கா மட்டும் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு உள்ளே ஏறி, குனிந்து, ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றையும் நன்றாகக் கழுவிச் சந்தனம் பூசினாள். "முகப்புல என்னடா இருக்கு? ஒன் மச்சான் உசுரு இந்த மிதியிலதானே இருக்கு" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அந்தச் செம்பு வண்டிக்குள் ஏறியது. மச்சான் கீழே நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

சில மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் லோடோடு மேட்டில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்கவில்லை. இன்ஜின் முனகிக்கொண்டே இருந்ததாம். அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. திருச்சி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுக் குறை எதுவும் இல்லை என்றார்கள். மறுபடி நின்றது, மறுபடி போனார். மிதியையே கழற்றிப் புதிது போட்டு, பழைய வயரையே மாட்டிக் கொடுத்தார்கள். மெக்கானிக் ஒருவர் கீரனூர் வரை கூடவே வந்தார். அவர் இருக்கும்வரை வண்டி குதிரைபோல ஓடியது. அவரை இறக்கிவிட்ட வாரமே மறுபடி நின்றது.

பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் நிற்கும். "என்னண்ணே, இன்னிக்கு ஒங்க வண்டிக்கு லீவா?" என்று மற்ற டிரைவர்கள் கேட்பார்கள். சனி பிடித்திருக்கிறது என்று அக்காவுக்கு யாரோ சொல்ல, அவள் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு விரதமும் இருக்கத் தொடங்கினாள். ஒரு செம்பு இரண்டு செம்பாயிற்று. கிரஷர் முதலாளி ஒருநாள் எல்லோர் முன்னாலும், "பழைய வண்டி மிதிச்ச காலுங்க. புதுசுக்குப் பழகல" என்றார். மச்சான் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். "வண்டி நிக்கிறதக்கூடத் தாங்கிக்கிருவேன் மாப்ள. நான் சொல்றத ஒருத்தனும் நம்பலயே." சொல்லிவிட்டு, வலதுகாலைச் சிமெண்டுத் தரையில் மெதுவாக அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்திப் பார்த்தார். தன் காலையே அவர் சந்தேகப்படத் தொடங்கிய நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ரயில்வே கேட்டைத் தாண்டி முடிக்கும் முன் வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால், தண்டவாளத்தின் மேலேயே, ஒரு பள்ளிக்கூட வேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாரமே, குறையை மறைக்காமல் சொல்லி, இலுப்பூர்க்காரர் ஒருவருக்கு லாரியை விற்றுவிட்டார்.

கொஞ்ச காலம் கழித்து அந்த இலுப்பூர்க்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். உட்காரக்கூட இல்லை. இந்தச் சாக்கெட்டை மச்சான் கையில் வைத்தார்.

"அண்ணே, நீங்க சொன்னது அம்புட்டும் நெசம். மழை பெஞ்சு உள்ள நனைஞ்ச அன்னிக்கு எங்கிட்டயும் நின்னுச்சு. மிதிக்குப் பின்னால வயரைக் கழட்டிப் பாத்தா இப்படிக் கெடக்கு. எந்தப் புண்ணியவானோ செம்பு செம்பா மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கான். ஈரம் பட்டா நின்னுருது, காஞ்சா ஓடிருது. மாத்துனதும் பறக்குதுண்ணே."

மச்சான் எழுந்து நின்றார். அத்தனை மாதத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா காபி டம்ளர்களோடு வந்துவிட்டாள். "என்னவாம்ங்க? வண்டி எதனால நின்னுச்சாம்?"

மச்சான் கையை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. நாந்தேன் மிதிக்கத் தெரியாம மிதிச்சிருக்கேன். இவுக கையில நல்லா ஓடுதாம்."

இலுப்பூர்க்காரர் திகைத்துப்போய் மச்சானைப் பார்த்தார். பிறகு, டம்ளரை நீட்டிய அக்காவின் விரல்களைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, நகமெல்லாம் மஞ்சள். "ஆமாக்கா, நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அதன்பிறகு மச்சான் எங்கள் கிரஷரிலேயே கேட் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். எந்தச் சொல்லுக்காக அத்தனை மாதம் போராடினாரோ, அந்தச் சொல் கையில் வந்தபோது அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. "கால் சரியாயிருச்சாண்ணே?" என்று கேலி செய்தபடி உள்ளே போகும் டிரைவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். சாக்கெட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார். "தூக்கிப்போட மனசு வரல மாப்ள. நான் சொன்னது நெசம்னு தெரிஞ்ச ஒருத்தன்கிட்டயாவது இருக்கட்டும். அக்காகிட்ட மூச்சு விட்றாத." அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

போன வாரம் நான் புதிதாக ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அக்கா பொட்டில்லாத நெற்றியோடு தள்ளியே நின்றாள். நான்தான் செம்பை அவள் கையில் கொடுத்தேன். சக்கரத்தில் கொஞ்சம் தெளித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒன் மச்சான் வண்டிக்கு நடுவுல ரெண்டு வெள்ளிக்கெழம விட்டுட்டேன்டா, காய்ச்சல்னு படுத்துக்கிட்டு. அந்தக் கொறைதான் வண்டியையும் கொண்டுபோயி, அவுகளையும் கொண்டுபோயிருச்சு."

அந்த இரண்டு வாரமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. "சரியாயிருச்சு போல மாப்ள" என்று மச்சான் எடைமேடையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டேன். துணிக்கு மேலேயே அதன் முனை குத்தியது.

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். அவள் முகம் மாறவில்லை. வேறென்ன சொல்வதென்று தெரியாமல், கால் வைக்கும் இடத்தில் கிடந்த ரப்பர் விரிப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இங்கிட்டும் ஊத்துக்கா. நல்லா ஊத்து."