ஒற்றைக் கையால் மூடுகிற கத்தி

என் அக்கா வீட்டுக்காரருக்குக் குடோனில் 'சவடால்' என்றுதான் பெயர். ஏணியில் ஏறி, மேல் அடுக்கிலுள்ள அட்டைப்பெட்டிகளைக் கத்தியால் கிழித்துத் திறப்பது அவர் வேலை. தரையில் நின்று பார்க்கிற வேலை எதுவும் அவருக்கு வேலையாகவே தெரியாது.

ஒருநாள் சூப்பர்வைசர் சட்டம் போட்டார். ஏணியை ஒரு கை பிடித்திருக்க, மறு கையால் மட்டுமே மடக்குக் கத்தியை மூடிக் காட்டுபவர்தான் நாளைமுதல் ஏணி ஏறலாம். முடியாதவருக்குத் துடைப்பம்.

மாமாவின் புதுக் கத்தியில், திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு அப்படியொரு இறுக்கம். யானை வந்து மிதித்தாலும் யோசித்துத்தான் நகரும். சாயங்காலம் முழுக்க அமுக்கிப் பழகியதில் கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கிவிட்டது.

"பேசாம துடைப்பத்தையே வாங்கிக்கங்க. வீட்லயும் ஒத்தாசையா இருக்கும்" என்றாள் அக்கா.

"வாய மூடுடி!"

"கத்திய மூடுங்க முதல்ல!"

மறுநாள் சூப்பர்வைசரே கத்தியைத் திறந்து கொடுத்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டை அமுக்கினார். முகம் தக்காளியாயிற்று. கத்தியின் முதுகைத் தொடையில் வைத்து ஒரு தள்ளு. டக்! மூடிக்கொண்டது.

"சபாஷ்! இப்ப திறங்க பாப்போம்."

வீங்கிய கட்டைவிரல் மடங்கவே இல்லை.

"சார், மூடத்தானே சொன்னீங்க? திறக்கிறதப் பத்திப் பேச்சே வரலையே!"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். அன்று முழுக்க மாமா ஏணிமேல் ராஜாவாக நின்றார். ஒவ்வொரு பெட்டியைக் கிழித்ததும் கத்தியை மூடி, "சார், கத்தி!" என்று கீழே நீட்ட, சூப்பர்வைசர் கீழே நின்று திறந்து திறந்து கொடுத்தார்.