வயிற்றெரிச்சல் ஆட்டம்

ஞானேஸ்வரிக்குக் கரம் போர்ட் விளையாடத் தெரியாது. சுண்டினால் நகம் நோகிறது என்பாள். ஆனாலும் கண்டக்குழியிலிருந்து நுரைச்சோலை வரைக்கும் கரம் விளையாடுகிற ஆம்பிளைகள் எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லுகிற வேலை அவள் தலையில்தான் விழுந்தது. விளையாடாதவள் ஒரு பக்கமும் சாயமாட்டாள் என்று கரம் கழகத்துக்காரர் கண்டுபிடித்தார்களாம். பகல் முழுக்க சுஹைர் நானாவின் லொட்ஜில் வெள்ளைக்காரர் படுத்தெழும்பிய விரிப்புகளைத் தோய்த்துப் போட்டுவிட்டு வருகிறவள், பின்னேரம் கழக மண்டபத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இவர்களுடைய அழுக்கையும் தோய்க்கவேண்டும். அங்கே தேத்தண்ணீர் ஊற்றுகிறவள் நான், ஜூலியானா. அவளுடைய பக்கத்து வீடு. அவள் விட்ட கொட்டாவிகளுக்கு நான்தான் சாட்சி.

அழுக்கு என்று நான் சொன்னது கைப்புள்ளியைத்தான். எங்கள் போட்டியில் ஏலாதவன் கெட்டிக்காரனோடு விளையாடும்போது, ஆட்டம் தொடங்கமுன்னமே அவனுக்குச் சில புள்ளிகளைக் கொடுத்துவிடுவோம். அண்மையில் எவ்வளவுக்குத் தோற்றானோ அவ்வளவுக்குக் கைப்புள்ளி கூடும். நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. அதனால்தான் கெட்டுப்போனது. வருசத் தொடக்கத்தில் வேண்டுமென்றே தோற்பார்கள். குழியின் வாயில் நிற்கிற காயைக்கூட விழுத்தத் தெரியாத அப்பாவிகள் மாதிரி தலையைச் சொறிவார்கள். கைப்புள்ளி சேர்ந்ததும் இறுதிச் சுற்றில் புலியாகி, பரிசாக வைத்த ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இதை நாங்கள் அமுக்கி விளையாடுவது என்போம்.

ஞானேஸ்வரி முதலில் கைப்புள்ளியைப் பாதியாகக் குறைத்தாள். இரண்டு மடங்காகத் தோற்றார்கள். பிறகு, ஒருவன் எப்போதோ நன்றாக விளையாடிய காலத்தை வைத்துத்தான் கணக்கு என்றாள். அது நன்றாகத்தான் வேலை செய்தது, அந்தோனிப்பிள்ளையருக்குக் கண்ணில் வெள்ளை படரும்வரைக்கும். அந்த மனுசனுக்குச் சிவப்புக் காயும் கறுப்புக் காயும் ஒன்றாகத் தெரிய, பழைய கெட்டித்தனத்துக்காக ஒரு புள்ளியும் கிடைக்காமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவமானப்பட்டார். ஞானேஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை. கள்ளனையும் பிடிக்கவேண்டும், உண்மையாகவே ஏலாமல் போனவனையும் காப்பாற்றவேண்டும். அதற்குத்தான் அவள் கடைசி விதியைக் கொண்டுவந்தாள்.

ஒருவன் அமுக்குகிறான் என்று சந்தேகம் வந்தால், யாரிடம் தோற்க அவனுக்குச் சீவன் போகுமோ அந்த ஆளுக்கு முன்னால் அவனை இருத்தவேண்டும். எந்தக் கள்ளனும் அங்கே கள்ளம் செய்யமாட்டான். வென்றுவிட்டால் பிடிபட்டான்: ஒரு வருசம் போட்டியில் இல்லை, பெயரும் மண்டபத்துக் கரும்பலகையில் ஏறும். அங்கேயும் தோற்றால் உண்மையாகவே ஏலாதவன், கைப்புள்ளியைக் கொடுக்கலாம். யாருக்கு யார் மேல் வயிற்றெரிச்சல் என்று இந்த ஊரில் யாரும் விசாரிக்கத் தேவையில்லை. வயிற்றெரிச்சல் ஆட்டம் என்று பெயரே வந்துவிட்டது. அந்தோனிப்பிள்ளையர் தன் சம்பந்தியிடம் தோற்றுக் கைப்புள்ளி வாங்கினார். மூன்று பேர் வென்று வெளியே போனார்கள்.

ஐந்தாவதாகச் சந்தேகத்தில் வந்தவன் அவளுடைய மனுசன் மார்க்கண்டு.

மார்க்கண்டுவைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரர் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பறப்பார்களே, அந்தப் பட்டத்துணி கிழிந்தால் கிழிந்த தடமே தெரியாமல் தைக்கிறவன். காற்று அடிக்கிற காலம் முழுக்க சுஹைர் நானாவின் லொட்ஜிலிருந்து துணி வந்துகொண்டிருக்கும். அந்த வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. விரிப்புத் தோய்க்கிற சம்பளம் உப்புக்கும் புளிக்கும்தான் காணும். கரத்திலும் அவனுடைய விரல்தான் இந்தக் கரையிலேயே முதல் விரல். அப்படிப்பட்டவன் இந்த வருசம் தொடங்கியதிலிருந்து கண்டவனிடமெல்லாம் தோற்றான்.

ஞானேஸ்வரி வெட்கத்தில் கூனிப்போனாள். விதி போட்டவளின் புருசனே அமுக்குகிறான் என்றால் ஊர் எதால் சிரிக்கும்? வீட்டிலும் நடிக்கிறான் என்று என்னிடம் வந்து திட்டினாள். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறானாம், சட்டைப் பொத்தானைப் பூட்டாமல் திரிகிறானாம். கேட்டால் எழும்பி வெளியே போய்விடுகிறானாம். "எனக்கு அலுத்துப்போச்சடி. என்ர வீட்டுக்குள்ளயே கள்ளனை வச்சுக்கொண்டு நான் ஆருக்கு ஞாயம் சொல்லுறது?" என்றாள். அவளே எழும்பி மண்டபத்தில் சொன்னாள், மார்க்கண்டுவையும் இருத்துங்கோ என்று.

யாருக்கு முன்னால் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய தம்பி கஜமுகன்தான். அக்கா ஒரு தையல்காரனைக் கட்டியது பிடிக்காமல் கலியாணத்துக்கே வராதவன். பிறகு ஒருநாள் வந்து, கதை பேச்சில்லாமல் அத்தானைக் கரம் பலகைக்குக் கூப்பிட்டான். தோற்றான். அன்றிலிருந்து தலை நரைக்கும்வரைக்கும் தோற்றுக்கொண்டே இருக்கிறான். மச்சானிடம் ஒரே ஒரு தரம் தோற்பதைவிட மார்க்கண்டு விரலை வெட்டிப் போடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. சுஹைர் நானாவும் வந்து முன்வரிசையில் இருந்தார். நான் தேத்தண்ணீரை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கண்டு ஸ்ரைக்கரை வைக்கிறான், குறி பார்க்கிறான், விரல் பின்வாங்குகிறது. சுண்டும்போது விரல் வேறு எங்கோ போகிறது. முகம் முழுக்க வியர்வை. ஒருதரம் இடது கையால் வலது கையைப் பிடித்து அமர்த்தினான். வென்றுவிடத் துடிக்கிற முகம் எது, நடிக்கிற முகம் எது என்று ஞானேஸ்வரிக்குத் தெரியாதா? அவள் கதிரையின் கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். விளங்கிவிட்டது அவளுக்கு.

கஜமுகன் வென்றான். ஒருவரும் கை தட்டவில்லை.

விதிப்படி இனி மார்க்கண்டுவுக்குக் கைப்புள்ளி. மண்டபம் அறிய, கை போய்விட்டது என்று அர்த்தம். சுஹைர் நானா கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து, நல்ல மனுசனாகத்தான் கேட்டார்: "மார்க்கண்டு, ஒங்கட கைக்கு ஏதும் வருத்தமா?"

பட்டத்துணிகள் அடுத்த கிழமை வர இருந்தன. நானாவைக் குறை சொல்லமாட்டேன். நடுங்குகிற கையில் விலை கூடின துணியை யார்தான் கொடுப்பார்கள்? மார்க்கண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தான்.

கஜமுகன்தான் கதைத்தான். "கையில ஒண்டுமில்லை நானா. அத்தான் வேணுமெண்டு விட்டவர். என்னட்டத் தோத்தா ஆரும் சந்தேகப்படமாட்டினம் எண்டு கணக்குப் போட்டிருக்கிறார்."

ஒரு ஆயுள் முழுக்கக் காத்திருந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னான். ஞானேஸ்வரி தம்பியைப் பார்த்தாள், பிறகு புருசனைப் பார்த்தாள். மெதுவாக எழும்பினாள்.

"கள்ளம்தான். ஒரு வருசம் வெளியில. இந்த ஆட்டம் செல்லாது," என்றாள்.

கரும்பலகையில் கஜமுகனின் பெயருக்கு நேரே எழுதியிருந்த வெற்றியை அவள் அழிக்கவேண்டும். அவள் பலகையடிக்குப் போய் நின்றாள். அவனே போய் உள்ளங்கையால் துடைத்தான். மண்டபம் முழுக்க அவளைப் புகழ்ந்தது. சொந்தப் புருசன் என்றும் பாராமல் தீர்ப்புச் சொன்னாளாம். சுஹைர் நானா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, துணி திங்கட்கிழமை வரும், விளையாட்டில் கள்ளம் செய்தாலும் தையலில் செய்யாதே என்று மார்க்கண்டுவிடம் பகிடியாகச் சொல்லிவிட்டுப் போனார். மார்க்கண்டுவும் சிரித்தான். கள்ளன் என்ற பெயரை அவன் புதுச் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

இப்போது அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெசினை மிதிக்கிறவள் ஞானேஸ்வரி. பக்கத்தில் இருந்து எங்கே பிடி, எங்கே விடு என்று சொல்லுகிறவன் மார்க்கண்டு. முதலில் பழந்துணியில் தைத்துப் பழகினாள். பிழைத்ததைப் பிரித்துக் கொடுக்கிறவள் நான். விரிப்பும் தோய்த்து, சமைத்து, மெசினும் மிதித்து, அவள் இருந்தபடியே நித்திரையாகிவிடுவாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் மார்க்கண்டுவுக்கு ஒரு குளிசை கொடுத்திருக்கிறார்கள். நடுக்கம் அதற்குப் பெரிதாகக் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கஜமுகன் வந்து கரம் பலகையை விரித்தான். கொஞ்ச நேரத்தில் குழியின் வாயில் நின்ற காயைத் தவறவிட்டான். பிறகு இன்னொன்றை. தலையைச் சொறிந்தான். மார்க்கண்டுவின் காய்கள் தள்ளாடித் தள்ளாடி ஒவ்வொன்றாக விழுந்தன. மார்க்கண்டு நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். பிறகு மெசினடியில் இருந்த ஞானேஸ்வரியைப் பார்த்தான்.

"நீதானே ஞாயக்காரி. சொல்லு, இவன் அமுக்கிறானோ?"

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. துணியிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"இல்லை," என்றாள். "அவனுக்கு அவ்வளவுதான் ஏலும்."